கனிவாகப் பேசும் ஆட்சி: ‘பாபகியூரியா’ குறும்படம் – ஒரு மதிப்புரை

படகு ஒன்று கரையைத் தொடுகிறது. சீருடை அணிந்த ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் இறங்குகிறார்கள். கரையில் வெள்ளையர் சிலர் விடுமுறை நாள் கோலத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வந்தவர்களின் தலைவர், ‘இந்த இடத்துக்கு என்ன பெயர்?’ என்று கேட்கிறார். ஒருவர் தடுமாறி, ‘பார்பெக்யூ ஏரியா’ (இறைச்சி வாட்டும் இடம்) என்கிறார். அன்றிலிருந்து அந்த நாட்டின் பெயர் பாபகியூரியா.

1986-இல் ஆஸ்திரேலிய அரசுத் தொலைக்காட்சியான ஏபிசிக்காக எடுக்கப்பட்ட படம் இது. ஓட்டம் சுமார் 30 நிமிடம். இயக்கம் டான் ஃபெதர்ஸ்டோன், எழுத்து ஜெஃப்ரி ஆதர்டன். 1987-இல் ஐ.நா. ஊடக அமைதிப் பரிசு கிடைத்தது. கதை ஒரே வரிதான்: பூர்வகுடியினர் வந்து வெள்ளையரின் நாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள், சுமார் 200 ஆண்டு கழித்து வெள்ளையர் அங்கே சிறுபான்மையினராக வாழ்கிறார்கள். இந்த ஒரு வரியை வைத்து அரை மணி நேரம் இழுப்பது சுலபம். அதைக் கடைசிவரை கூர்மையாக வைத்திருப்பது கடினம். இந்தப் படம் அதைச் செய்திருக்கிறது. பகடிப் படம் எடுக்கிறவர்களும், திரையிட்டு விவாதம் நடத்துகிறவர்களும், காலனியத்தைப் பாடமாக நடத்துகிறவர்களும் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஆள்பவர்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டாததுதான் இந்தப் படத்தின் பலம். சவுக்கு இல்லை, கத்தல் இல்லை. தொலைக்காட்சி நிருபர் துரங்கா மணிகாவாக மிஷெல் டோரஸ் நடித்திருக்கிறார். வெள்ளையர் மேல் அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கிறது. அவர்களைப் புரிந்துகொள்ள ஒரு ‘சராசரி’ வெள்ளைக் குடும்பத்தோடு தங்கி ஆவணப்படம் எடுக்கிறார். நாம் பார்ப்பது அந்த ஆவணப்படத்தைத்தான். குரலில் வெறுப்பின் நிழல்கூடக் கிடையாது, வியப்பும் பரிவும்தான். அந்தப் பரிவு எவ்வளவு பெரிய வன்முறைக்குத் துணைபோகிறது என்பதைப் படம் படிப்படியாகக் காட்டுகிறது. இனவெறியை வசைச்சொல்லாகவும் அடிதடியாகவும் மட்டுமே காட்டும் படங்கள் ஏராளம். ‘நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை’ என்று பார்வையாளர் ஒதுங்கிக்கொள்ள அவை இடம் கொடுத்துவிடும். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது.

மாற்றியது எது, மாற்றாமல் விட்டது எது என்று கவனித்தால் படத்தின் கட்டுமானம் புரியும். மாறியது தோலின் நிறம் மட்டும். கொடி, சீருடை, அமைச்சரின் மேசை, போலீஸ் அதிகாரியின் விளக்கம், நிருபரின் ஒலிவாங்கி, கேமரா நிற்கும் உயரம், பின்னணிக் குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் வெள்ளை ஆஸ்திரேலியா பூர்வகுடியினரைப் பற்றிப் பேசியபோது பயன்படுத்திய அதே பொருள்கள், அதே தொனி. வெள்ளையரின் வாழ்க்கையிலும் எதுவும் புனையப்படவில்லை. இறைச்சி வாட்டுவது, கால்பந்து பார்ப்பது, பந்தயக் கடையில் பணம் கட்டுவது என்று அவர்கள் வார இறுதியில் செய்கிறவைதான். நிருபர் அவற்றைச் சடங்காகப் படிக்கிறார். கால்பந்து, வன்முறையைத் தணிக்கும் சடங்காகிறது. பந்தயக் கடை, பக்தர் காணிக்கை செலுத்தும் இடம்போல் தோன்றுகிறது. செய்தி ஒன்றுகூடப் பொய்யில்லை. பொருள் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது. மானுடவியல் படங்கள் இதே வேலையைப் பல பதிற்றாண்டுகள் செய்துவந்தன. அதை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய வேறு படம் அரிது.

தொடக்கக் காட்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் பார்த்தாலும் சிரிப்பு வரும். தெரிந்து பார்த்தால் காட்சியின் கனம் கூடும். 1788 ஜனவரி 26-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் நங்கூரம் இட்டதை ஆஸ்திரேலியா நாடகமாக நடித்துக் கொண்டாடுவது அந்நாளில் வழக்கமாக இருந்தது. 1938-இல் 150-ஆம் ஆண்டு விழாவுக்காக மெனிண்டி என்ற தொலைதூர ஊரிலிருந்து பூர்வகுடி ஆண்களைச் சிட்னிக்குக் கொண்டுவந்து, கரையிறங்கும் வெள்ளையரைக் கண்டு பின்வாங்கி ஓடும் வேடத்தில் நடிக்க வைத்தார்கள். அதே நாளில் சிட்னியில் வேறு பூர்வகுடித் தலைவர்கள் கூடித் துக்க நாள் கடைப்பிடித்தார்கள். ‘பாபகியூரியா’வின் முதல் காட்சி இந்த விழா நாடகத்தை அப்படியே திருப்பிப் போடுகிறது. படம் வந்தது 1986-இல். நாடு 200-ஆம் ஆண்டு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். 1988 ஜனவரி 26 அன்று பூர்வகுடிச் செயல்பாட்டாளர் பர்னம் பர்னம் இங்கிலாந்தின் டோவர் பாறைகள் அருகே பூர்வகுடிக் கொடியை நட்டு, அந்த நாட்டைத் தம் மக்களுக்காகக் கைப்பற்றியதாக அறிவித்தார். படத்தின் அதே உத்தியை அவர் நேரிலேயே நிகழ்த்திக் காட்டிவிட்டார். இந்த இரண்டு செய்திகளையும் படம் முடிந்த பிறகு பார்வையாளரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் முதல் காட்சியின் அதிர்ச்சி வீணாகிவிடும்.

படத்தின் முதுகெலும்பு அந்தக் குடும்பம். அப்பா, அம்மா, மகன், மகள். கேமரா முன்னால் பெற்றோர் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் வருகிறது, கண் ஒருமுறை அதிகாரத்தின் பக்கம் போய் மீள்கிறது. மகளைக் கல்விக்காகவும் அவளுடைய நன்மைக்காகவும் என்று சொல்லி அழைத்துப்போகும்போது அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. நிருபர் அந்த மௌனத்துக்குத் தானே ஒரு பொருள் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். இந்த இடத்தில் நிதானமாகப் பாருங்கள். காட்சி ஒன்று சொல்கிறது, பின்னணிக் குரல் வேறொன்று சொல்கிறது. பெற்றோரின் முகத்தில் பயம், பின்னணிக் குரலில் திருப்தி. பார்வையாளர் எதை நம்புவது என்று தீர்மானித்தாக வேண்டும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் இங்கே அமைதியாகும். பின்னர் குடும்பமே வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிறது. அதற்கும் கனிவான ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது.

இதில் மிகை எதுவும் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் 1909-இல் வந்த பூர்வகுடியினர் பாதுகாப்புச் சட்டத்தை 1915-இல் திருத்தினார்கள். குழந்தையின் ஒழுக்கத்துக்கோ உடல்நலத்துக்கோ நல்லது என்று பாதுகாப்பு வாரியம் கருதினால் போதும், பெற்றோர் சம்மதமும் வேண்டாம், நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்கவும் வேண்டாம், குழந்தையை எடுத்துப்போகலாம். பெண் குழந்தைகளைக் கூட்டமுண்ட்ராவில் இருந்த இல்லத்தில் வைத்து வீட்டுவேலைக்குப் பழக்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கின்செலாவில் ஓர் இல்லம். 1910 முதல் 1970 வரையான காலத்தில் பூர்வகுடிக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்குவரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997-ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. படம் அந்த அறிக்கைக்கு 11 ஆண்டு முந்தியது. நாடு பரவலாகப் பேசத் தொடங்காத ஒன்றை இந்த அரை மணி நேரம் அரசுத் தொலைக்காட்சியிலேயே பேசியிருக்கிறது. படத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

வெள்ளையர் விவகார அமைச்சர் வாக்வானாக வருபவர் பாப் மாசா. 1970-களின் தொடக்கத்தில் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தேசியக் கறுப்பர் நாடக அரங்கை நிறுவியவர்களில் ஒருவர். நடிப்புக்கு இலக்கணம் படிக்க விரும்புகிறவர்கள் அவருடைய காட்சிகளை இரண்டு முறை பாருங்கள். கண்ணடிப்பதில்லை, ‘நான் கிண்டல் செய்கிறேன்’ என்ற குறிப்பை எங்கும் தருவதில்லை. நல்ல நிர்வாகி ஒருவர் நல்ல திட்டத்தை விளக்குகிற தெளிவோடு பேசுகிறார். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடியினர் விவகாரத்துக்கென்று தனித்துறை அமைந்தது 1972-இல். அந்தப் பொறுப்பைக் கூட்டாட்சி அமைச்சராக ஏற்ற முதல் பூர்வகுடி மனிதர் கென் வயட், 2019-இல். இதற்கு 33 ஆண்டு முன்பு எடுத்த கற்பனைப் படத்தில் பூர்வகுடி மனிதர் ஒருவர் வெள்ளையருக்கு அமைச்சராக உட்கார்ந்திருந்ததுதான் பலருக்கு ‘நடக்கவே முடியாதது’ என்று பட்டது. அந்த உணர்வையே படம் கேள்விக்குள்ளாக்குகிறது.

குறைகளும் உண்டு. படத்தில் வரும் பூர்வகுடியினர் பிரிட்டிஷ் சீருடையும் கோட்டும் அணிந்து, ஆட்சியாளர் ஆங்கிலம் பேசுகிறார்கள். நிறுவனத்தைப் பகடி செய்ய இது அவசியம்தான். ஆனால் படம் முடியும்போது பூர்வகுடி மக்களின் மொழி, நில உறவு, உறவுமுறை பற்றி பார்வையாளருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் இதை மட்டும் காட்டி ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் பற்றிப் பாடம் முடித்துவிடக் கூடாது. எழுதியவரும் இயக்கியவரும் வெள்ளையர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. இடம் மாறினால் யாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று ஒருவர் இந்தப் படத்தை வாசிக்க இடமிருக்கிறது. அப்படி வாசித்தால் நிலம் ஏன் பறிக்கப்பட்டது, யாருக்கு லாபம் போனது என்ற கேள்விகள் காணாமல் போகும், காலனியம் மனித இயல்பாகிவிடும். தலைகீழாக்கும் உத்திக்கே உரிய பலவீனம் இது. இந்தப் படமும் அதை முழுதாகக் கடந்துவிடவில்லை.

ஆனாலும் இதே உத்தியைப் பயன்படுத்திய மற்றப் படங்களோடு வைத்துப் பார்த்தால் இதன் நிதானம் விளங்கும். 1995-இல் வந்த ‘வைட் மேன்ஸ் பர்டன்’ என்ற அமெரிக்கப் படத்தில் கறுப்பர் செல்வந்தர், வெள்ளையர் ஏழைகள். ஜான் ட்ரவோல்டா தொழிற்சாலைக் கூலி, ஹாரி பெலஃபாண்டே முதலாளி. நடிகர்கள் நல்லவர்கள், கருவும் பெரியது. ஆனால் அந்த உலகம் அப்படி ஆனது எப்படி என்று படம் சொல்வதே இல்லை. நிறத்தை மாற்றிவிட்டு வழக்கமான ஆள்கடத்தல் கதையைச் சொல்கிறது. நிறுவனம் எதுவும் கூர்மையாகத் தெரியாததால், கறுப்பர் கையில் அதிகாரம் போனால் ஆபத்து என்ற பொருள்கூட அதில் ஒட்டிக்கொள்கிறது. பகடி இல்லாத தலைகீழாக்கம் இப்படித்தான் எதிரியின் கையில் ஆயுதமாகிவிடும்.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷின் ‘பெத்தித் ஆ பெத்தி’ வேறு வகை. 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நைஜரிலிருந்து தமுரே என்பவர் பாரிஸுக்கு வருகிறார், அடுக்குமாடி வீட்டில் மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய. தெருவில் நிற்கும் பாரிஸ்காரர்களின் மண்டையை அளவுகோலால் அளக்கிறார். அந்தக் காட்சி நடப்பது மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கும் ட்ரோகதேரோ பகுதியில். அளக்கப்படுகிறவர்களின் சங்கடம் முகத்தில் தெரிகிறது. படம் முழுவதும் நன்றாக இல்லை, பல இடங்களில் கதை கலைந்துபோகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகப் பார்க்கலாம். ஆஸ்திரியத் தொலைக்காட்சிக்காக வால்டர் விப்பர்ஸ்பெர்க் 1992-இல் எடுத்த ‘தாஸ் ஃபெஸ்ட் டெஸ் ஹூனெஸ்’ இன்னும் கச்சிதமானது. ஆப்பிரிக்க ஆய்வுக்குழு ஒன்று மேல் ஆஸ்திரியாவின் கிராமங்களுக்குப் போகிறது. மாதா கோயில்கள் காலியாகக் கிடக்கின்றன, பீர்க் கூடாரங்களில் கூட்டம் பொரித்த கோழி தின்கிறது. கிறிஸ்தவத்தின் புனிதச் சின்னமான ஆட்டுக்குட்டியின் இடத்தைக் கோழி பிடித்துவிட்டது, இவர்களின் புனித விலங்கு இப்போது அதுதான் என்று குழு முடிவுக்கு வருகிறது. சிரிப்பில் இது ‘பாபகியூரியா’வை மிஞ்சும். ஆனால் குழந்தையைப் பறிக்கும் ஓர் அரசு அதில் இல்லை. ஆகவே வலியும் இல்லை.

இந்த உத்தியில் குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: நகைச்சுவை வசனத்தில் தொடங்காதீர்கள். முதலில் ஓர் அரசாணையை எடுங்கள், உண்மையில் இருந்த சட்டமாகவோ சுற்றறிக்கையாகவோ இருக்கட்டும். அதில் ‘அவர்கள்’ என்று வரும் இடத்தில் ஆட்களை மட்டும் மாற்றுங்கள், மீதி வாக்கியத்தைத் தொடாதீர்கள். ‘பாபகியூரியா’வின் ஏறுவரிசையைப் பாருங்கள்: முதலில் பெயர் போகிறது, பிறகு பழக்கவழக்கத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமை, பிறகு பிள்ளை, கடைசியில் வீடு. எளிதாகச் சிரிக்கக்கூடியதிலிருந்து சிரிக்கவே முடியாததற்குப் போகும் வரிசை அது. பிள்ளையைப் பறிப்பது முதல் ஐந்து நிமிடத்தில் வந்திருந்தால் பார்வையாளர் தற்காப்புக்குப் போயிருப்பார். ஆள்பவராக நடிப்பவர் குரலை உயர்த்தினால் உடனே நிறுத்தி, தணித்துப் பேசச் சொல்லுங்கள். அடக்கப்படுகிறவர்களுக்குச் சாமர்த்தியமான பதில்களை எழுதிக் கொடுக்காதீர்கள். கைதட்டல் வாங்கும், ஆனால் அதிகாரத்தின் பாரம் காணாமல் போகும். நடிகருக்குக் கறுப்புச் சாயம் பூசி வேடம் போடுவதை அடியோடு விடுங்கள். தமிழ்ப் படங்களில் இது இன்னும் நடக்கிறது. இனவெறியைக் கண்டிக்கும் படத்துக்குள்ளேயே இனவெறியைக் கொண்டுவருகிற வேலை அது.

திரையிடுவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 1986-இன் தொலைக்காட்சிப் படம் என்பதால் சட்டகம் 4:3. ப்ரொஜெக்டரைத் தானியங்கி அமைப்பில் விட்டால் 16:9-க்கு இழுத்து எல்லோர் முகத்தையும் அகலமாக்கிவிடும். கையால் 4:3 வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள். இணையத்தில் சுற்றும் பிரதிகள் பல பழைய வீடியோ நாடாவிலிருந்து எடுத்தவை. ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பற்கள் போலக் கோடு தெரிந்தால், விஎல்சி போன்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்குங்கள். ஒலியும் பழையது. லேப்டாப் ஒலிபெருக்கியை நம்பினால் பின்னணிக் குரல் கேட்காது, இந்தப் படத்தில் பாதிப் பகடி அந்தக் குரலில்தான் இருக்கிறது. தனி ஒலிபெருக்கி வையுங்கள்.

ஆஸ்திரேலிய உச்சரிப்பு கல்லூரி மாணவர்களுக்கே சிரமம் கொடுக்கும். தமிழில் துணைத்தலைப்பு தயாரிப்பதானால் நிருபரின் பேச்சை வழக்குத் தமிழில் எழுதாதீர்கள். தூர்தர்ஷன் செய்தி வாசிப்பின் தமிழ் பொருந்தும். குடும்பத்தினர் பேசுவதை மட்டும் வீட்டுப் பேச்சாக வையுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் படத்தின் அதிகார உறவு. அறிமுக உரை வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். படம் முடிந்ததும் 1915 திருத்தத்தின் சாரத்தைப் படித்துக் காட்டி, படத்தில் எந்தக் காட்சி அதற்கு இணை என்று கேளுங்கள். விவாதத்துக்கு 40 நிமிடமாவது ஒதுக்குங்கள்.

நம்மூரில் இதைக் காட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நேரும். வெள்ளையன் வாங்கிக்கட்டிக்கொள்கிறான் என்று கூட்டம் நிறைவோடு சிரித்துவிட்டுக் கலைந்துவிடும். நாமும் ஆளப்பட்டவர்கள்தானே என்ற நினைப்பு அதற்குக் காரணம். அதே பிரிட்டிஷ் ஆட்சி சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் சமூகங்களின் கைரேகையைப் பதிவு செய்தது, அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தியது. இதைச் சொல்வது பொருத்தம். ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். இன்று மலைக்கிராமத்துக்கு ஜீப்பில் போய் இறங்கும் நம் அதிகாரி, நம் தொண்டு நிறுவனம், நம் தொலைக்காட்சி நிருபர் அங்குள்ள மக்களைப் பற்றி எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். பழங்குடியினர் பற்றிய தமிழ்ச் செய்தித் தொகுப்பு ஒன்றை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பின்னணிக் குரலை மட்டும் கவனிக்கச் சொன்னால் போதும், விவாதம் தானே சூடுபிடிக்கும். இரண்டாவது படம் போட நேரம் இருந்தால் ஆஸ்திரியக் கோழிப் படத்தைப் போடுங்கள், ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவுதான். ‘வைட் மேன்ஸ் பர்டன்’ படத்தை அதே அமர்வில் சேர்க்க வேண்டாம். தலைகீழாக்கம் எங்கே சறுக்கும் என்று பாடம் நடத்துகிற வேறொரு நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.